சந்து வாயை மூடிய காலை

இரண்டு பெரிய கட்டடங்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இடுக்குதான் எங்கள் சந்து. முன்பக்கம் போய்ப் பார்த்தால் கண்ணாடிச் சுவர், பளபளக்கும் படி, கதவைத் திறந்துவிட ஆள். பின்பக்கம் வந்தால் ஏசிப் பெட்டிகள். முகத்துக்குப் பவுடர், முதுகுக்கு அழுக்கு என்பார்களே, அதே கதைதான். தரைமட்டத்திலிருந்து அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம் வரைக்கும், ஜன்னலுக்கு ஒன்றாக, சில ஜன்னலுக்கு இரண்டாக, விசிறி சுழலும் பெட்டிகள். உள்ளே இருக்கிறவர்கள் குளிர்ந்து கிடக்க, அவர்களுடைய சூட்டை எல்லாம் அந்தப் பெட்டிகள் எங்கள் தலையில் கொட்டின. கூடவே அந்த இரைச்சல். ராத்திரி பகல் கிடையாது, லீவு நாள் கிடையாது. மேலே கம்ப்யூட்டர் அறைகள் இருந்தன. மனிதர்கள் வீட்டுக்குப் போனாலும் அவற்றுக்குக் குளிர் வேண்டும். கரண்ட் போனாலாவது நிம்மதி உண்டா என்றால், உடனே ஜெனரேட்டர் எழுந்து அதைவிடப் பெரிதாகக் கத்தும்.

நான் அந்தச் சந்தின் முனையில் லாண்ட்ரி வைத்திருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் சூட்டுக்காற்று எனக்கு லாபம்தான். ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். வெயிலும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். அதனால் அந்தப் பெட்டிகளை நான் திட்டினாலும் மனதாரத் திட்டியதில்லை.

இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் எங்களுக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து கற்பித்ததில்லை. தும்மல் மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டது. முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. உச்சந்தலையைத் தட்டினால் கட்டடத்து மேனேஜர் வருகிறார். மணிக்கட்டைத் தட்டினால் நேரமாகிறது. தூரத்தில் இருப்பவரின் கவனம் வேண்டுமென்றால் கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். பக்கத்தில் என்றால் தோளைத் தொட வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கையாலேயே நடக்கும். பார்க்க நன்றாக இருக்கும். யார் ஜெயித்தார்கள் என்பது சந்துக்கே தெரியும்.

என் கடைக்கு எதிரில் ஒற்றை அறையில் வெல்டரும் அவர் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவள் தையல்காரி. என்னிடம் வரும் துணியில் கிழிசல், பொத்தான், ஜிப் எல்லாம் அவளுக்குத்தான் போகும். கை அவ்வளவு சுத்தம். தைத்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிட்டு என்று நாங்கள் வைத்த பேர்தான் நிலைத்தது. அவ்வளவு கெட்டிக்காரக் குழந்தையை நான் பார்த்ததில்லை. தவழ ஆரம்பிக்கும் முன்பே முஷ்டியை வாயில் வைத்துப் பால் கேட்டது. நான் வாசலில் நின்று விரலை ஆட்டினால் பொக்கை வாயைக் காட்டும். சந்தே அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

வெல்டரின் அக்கா பார்க்க வந்தாளே, அன்றுதான் வினை பிடித்தது.

அவள் ஊருக்கு வெளியே, தோட்டத்து நடுவில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவள். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். பின்னாலிருந்து "சிட்டு, சிட்டு" என்றாள். அது தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை தட்டினாள். ஒன்றுமில்லை. பிறகு யாரிடமும் சொல்லாமல் ஒரு தட்டை எடுத்துத் தரையில் போட்டாள். குழந்தை திரும்பவில்லை.

"ஏம்மா, பிள்ளைக்குக் காது கேக்குதா?" என்று தையல்காரியின் காதோரம் குனிந்து கத்தினாள்.

தையல்காரி மிஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன அண்ணி சொல்றீங்க?"

"தட்டு விழுந்துச்சு. திரும்பலியே."

"இந்தச் சத்தத்துல தட்டு என்ன அண்ணி, தாம்பாளம் விழுந்தாலும் யாருக்கும் தெரியாது."

நானும் அங்கேதான் நின்றேன். "நானுந்தான் திரும்பல. அதுக்காக எனக்கும் காது கேக்காதா?" என்றேன்.

"உங்களுக்குப் பழகிப்போச்சு. பச்சப்புள்ள திடுக்கிட வேண்டாமா? கூப்பிட்டா பாக்கல. கைய ஆட்டினா மட்டும் பாக்குது. பேச்சு வர்ற வயசுல கையால பால் கேக்குது. என் ஓரகத்தி பிள்ளை இப்படித்தான் இருந்துச்சு. கடைசில பிறவியிலேயே கேக்கலைன்னாங்க."

"சும்மா இருங்க. அவ ஆ ஊன்னு கத்துறாளே," என்றேன்.

"காது கேக்காததுங்களும் கத்தும்," என்றாள் அவள். கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை. சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. ஆனால் வாயிலிருந்து விழுந்த சொல்லை யார் திரும்ப அள்ளுவது?

அன்றிலிருந்து தையல்காரிக்குத் தூக்கம் போயிற்று. குழந்தையின் பின்னால் நின்று கத்தரிக்கோலைக் கீழே போடுவாள். பாத்திரத்தைத் தட்டுவாள். இரைச்சலில் அதெல்லாம் எங்கே கரைந்ததென்று தெரியாது. ஒரு சமயம் குழந்தை திரும்பும். உடனே ஓடிவந்து என்னிடம் சொல்வாள். அடுத்த தடவை திரும்பாது, முகம் செத்துப்போகும். வேலையில் பிசகு வர ஆரம்பித்தது. ஒருவருடைய கால்சட்டையில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். திட்டலாம் என்றுதான் அதை எடுத்துக்கொண்டு போனேன், அவள் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு நானே பிரித்து எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கும் ஒரு முறை போனார்கள். புது இடம், புது முகம், தலையில் ஒயர். குழந்தை வீறிட்டு அழுததில் ஒன்றும் பார்க்க முடியவில்லையாம். நன்றாகத் தூங்கும்போது கொண்டுவாருங்கள், தூக்கத்திலேயே பார்த்துவிடலாம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அவள் போகவே மாட்டேன் என்றாள். இன்றைக்குச் சளி, நாளைக்கு மழை, மறுநாள் தைக்க அவசரத் துணி.

"ஏன்டி இப்படித் தள்ளிப்போடுற? பாத்தாதானே தெரியும்," என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "போகாத வரைக்கும் அவளுக்குக் காது கேக்குது அக்கா. போனா இல்லன்னு ஆயிடும்."

எப்போதும் ஒரு பழமொழியை நீட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்கு நாக்கு நுனியில் வந்த பழமொழியும் காது சம்பந்தப்பட்டதாக இருந்தது, சட்டென்று விழுங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் ஊரே தன் கட்டடங்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தது. கட்டடங்கள் குடிக்கும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும், அவை கக்கும் புகையையும் சூட்டையும் குறைக்க வேண்டும் என்று நகரசபை முடிவெடுத்திருந்தது. முதலில் மொட்டைமாடிகளுக்கு வெள்ளை பூசினார்கள். அப்புறம் ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. சுவரில் விரிசல் எங்கே, குளிர் எந்த இடுக்கு வழியாக ஓடுகிறது என்று ஒரு காமிராவை வைத்துத் தேடித் தேடி அடைத்தார்கள். "ஓட்டைப் பானையில எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது லாண்ட்ரிக்கா. முதல்ல ஓட்டைய அடைக்கணும்," என்பார் வெல்டர். அவர்தான் அடுத்த வேலையில் இருந்தார். வீதிக்கடியில் குழாய் பதிக்கும் வேலை. ஏரிக்கரையில் ஒரு பெரிய நிலையம். அங்கே தண்ணீரைக் குளிரவைத்து, பூமிக்கடியில் கட்டடம் கட்டடமாக அனுப்பி, சூடேறிய தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு ஜன்னலிலும் தனித்தனிப் பெட்டி தேவையில்லை என்று ஆகிவிடும்.

"அப்ப என் துணி எங்கய்யா காயும்?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"உங்க கொடிக்காக ஊரே வேகணுமா?" என்று சிரித்தார்.

"நல்லா சொல்லுவீங்க. உங்களுக்கென்ன, குழாய ஒட்டிட்டுப் போயிடுவீங்க."

அவர் சிரிப்பெல்லாம் வெளியில்தான். வீட்டுக்குள் போனால் கைச்சண்டை. ஆஸ்பத்திரியின் திசையைக் காட்டுவார். அவள் இரண்டு கையாலும் காற்றைத் தள்ளுவாள். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கைப்பேச்சில் அது ஒரு வசதி. பார்க்காவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

குழாய் வேலை முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் வெல்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கட்டடத்தின் அடித்தளத்துக்கு வந்து பாருங்கள் என்றார். பெண்டாட்டியை எப்படியாவது அந்த அறையிலிருந்து வெளியே கிளப்ப வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. குழந்தையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கார் நிறுத்தும் இடத்துக்கும் கீழே இருந்தது அந்த அறை. ஒரு ஆள் குனிந்து நடந்துபோகலாம், அவ்வளவு பெரிய குழாய்கள் இரண்டு, சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தன. ஒன்றில் நீலப் பட்டை, இன்னொன்றில் சிவப்புப் பட்டை. அவை வளைந்து, கிளை பிரிந்து, தகடுகளை நெருக்கி அடுக்கிய ஒரு பெட்டிக்குள் போயின. ஏரிக்கரை நிலையத்திலிருந்து வரும் தண்ணீரின் குளிர் அந்தத் தகடு வழியாகக் கட்டடத்துத் தண்ணீருக்கு ஏறுமாம்; ஆனால் ஒரு சொட்டுகூட ஒன்றோடொன்று கலக்காதாம். சோதனைக்காகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "தொட்டுப் பாருங்க," என்றார். உறை போடாத ஒரு வால்வின் மேல் கையை வைத்தேன். வெயிலில் சூடேறிய கை. குளிர் முழங்கை வரை ஏறியது.

"இது இங்கேயா குளிருது?"

"இங்க ஒண்ணுமே இல்ல. ஏரிக்கரைல இருந்து வருது. ஊருக்கடியில, பஸ்ஸுக்கடியில, ஆஸ்பத்திரிக்கடியில, பள்ளிக்கூடத்துக்கடியில ஓடி வருது. வழியில சூடேறாம இருக்கக் குழாய் மேல பஞ்சு மாதிரி ஒரு கனமான போர்வை. ஒரு ஜாயிண்ட்ல ஊசி நுழையற ஓட்டை இருந்தாலும் போச்சு. ஒவ்வொண்ணையும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துத்தான் மூடினாங்க."

"அந்த ஜாயிண்டெல்லாம் நீங்க போட்டதா?"

"நான் மட்டுமா? எத்தனையோ பேரு. இந்த வளைவு நான் போட்டது." அவர் அந்த வளைவைத் தடவிக் காட்டினார். பற்றவைத்த தடம் மீன் செதில் அடுக்கினாற்போல் ஒரே சீராக இருந்தது.

தையல்காரி அந்தத் தடத்தின் மேல் விரலை ஓட்டினாள். "நல்லாத் தைச்சிருக்கீங்க," என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. எனக்கு அந்தக் குழாயைப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது. நாம் காலடியில் மண்தான் இருக்கிறது என்று நடந்துகொண்டிருக்கிறோம். அங்கே ஒரு ஊருக்கான குளிர் சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருக்கிறது. மனிதனுடைய மூளையைச் சும்மா சொல்லக் கூடாது.

மாற்றுவதற்கு ஒரு நாள் குறித்தார்கள். இரண்டு கட்டடத்தையும் ஒரே நேரத்தில் புதுக் குழாய்க்கு மாற்றிவிட்டு, பெட்டிகளுக்குப் போகும் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தப் போகிறார்கள் என்று வெல்டர் சொல்லிவிட்டு அன்றைக்கு விடிந்ததுமே கிளம்பிப்போனார்.

அன்று காலை பத்து மணி வாக்கில், பொத்தான் பிய்ந்த சட்டைகளை எடுத்துக்கொண்டு தையல்காரியின் வாசலில் நின்றேன். அவள் மிஷினில் இருந்தாள். குழந்தை கொஞ்சம் தள்ளித் தரைப்பாயில், முகத்தை அந்தப் பக்கம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோக்க அவள் மிஷினை நிறுத்தினாள்.

முதலில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். காதில் பஞ்சு அடைத்தாற்போல் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மேலே உச்சியில் விசிறிகள் நிற்கின்றன. மாடி மாடியாக அடங்கிக்கொண்டே கீழே இறங்கி வந்தது. ஒவ்வொரு வரிசையும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஓய்ந்தது. கடைசியாக எங்கள் தலைக்கு மேலே இருந்த பெட்டி கடகடவென்று கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு நின்றது. என் கடைக்கொடியில் எப்போதும் படபடக்கும் துணிகள் அப்படியே தொங்கின.

அம்மாடி, அந்த அமைதியை எப்படிச் சொல்வது? எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. மேலே ஏதோ ஒரு மாடியில் ஒருவர் இருமினார். அந்த இருமல் பக்கத்தில் நிற்கிறவருடையது போலக் கேட்டது. என் செருப்பு தரையில் உரசும் சத்தம் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் போட்டுத் தேய்த்த செருப்பு, அதற்கு ஒரு சத்தம் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். சந்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் ஏதோ உடைந்துவிடும் என்பதுபோல் நின்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் சிட்டு வீறிட்டு அழுதது.

தையல்காரியின் கை ஊசிக்கருகே அந்தரத்தில் நின்றது. குழந்தை எழுந்து உட்கார்ந்து, மிரண்டுபோய், இங்கும் அங்கும் பார்த்து அழுதது.

"அக்கா, நீங்க தொட்டீங்களா?"

"நான் வாசல்ல நிக்கிறேன்டி. எப்படித் தொடுவேன்?"

"மிஷின் நின்னதுல எழுந்தாளா?"

"மிஷின்தான் தினமும் நூறு தடவ நிக்குதே."

நாங்கள் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் எழுந்து வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள்.

"சத்தம் நின்னதுலதான் எழுந்தா. அப்படின்னா இவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா அக்கா. பொறந்ததுலேருந்து அந்த ஒரே சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா."

எனக்கும் அப்படிச் சொல்லிக் கட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் மனது ஒரு பக்கம் இடித்தது. அந்தப் பெட்டிகள் ஓடும்போது தரையும் சுவரும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வும்தானே இப்போது நின்றது? பொய் ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. அந்த அதிர்வைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மறுபடி சுருங்கியது.

"அப்ப எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?"

"கூப்பிட்டுப் பாரு. இப்பதான் ஊசி விழுந்தாலும் கேக்குதே."

அவள் குழந்தையைப் பாயில் இறக்கி, கையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்தாள். அழுகை ஓய்ந்தது. அதன் முதுகுப் பக்கமாக இரண்டடி தள்ளி நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம யாருமே இவளக் கூப்பிட்டதே இல்ல அக்கா. எப்பவும் முன்னாடி போய் நின்னு கையத்தான் ஆட்டியிருக்கோம். கூப்பிட்டாத் திரும்பணும்னு இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் சொன்னது அவ்வளவு உண்மை. தட்டைப் போட்டுப் பார்த்தோம், கத்தரிக்கோலைப் போட்டுப் பார்த்தோம். வாயைத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எங்கள் சந்திலேயே இல்லை.

"சரி, இப்பக் கூப்பிடு."

"பயமா இருக்கு. திரும்பலைன்னா?"

அந்த நேரத்தில் வெல்டர் ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. "பாத்தீங்களா? ஒரு சொட்டு ஒழுகல! மேல எல்லா மாடியிலயும் ஜில்லுனு வருதாம்!" என்று கத்திக்கொண்டே வந்தவர், தன் குரல் சந்து முழுக்க எதிரொலித்ததைக் கேட்டுத் தானே பயந்து நின்றுவிட்டார். பிறகு வழக்கப்படி குழந்தைக்கு முன்னால் போய் நிற்கக் கையைத் தூக்கினார். தையல்காரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"கைய ஆட்டாதீங்க. இங்கேருந்து கூப்பிடுங்க."

அவருக்கு ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. "சிட்டு," என்றார். கரகரத்துப்போய்ப் பாதிதான் வெளியே வந்தது. குழந்தை நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தது. திரும்பவில்லை.

அவர் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

"சிட்டூ," என்றாள் அவள். கத்தவில்லை. கெஞ்சவும் இல்லை. பக்கத்து அறையிலிருக்கும் பிள்ளையைச் சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரல். அப்படி ஒரு மெல்லிய குரல் அவளுக்குள் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

நூல்கண்டின் மேலிருந்த கை நின்றது. தலை நிமிர்ந்தது. அப்புறம் மெல்லத் திரும்பியது. நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம், ஆறு கைகள் இருக்கின்றன. குழந்தை ஒரு கையையும் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்தது.

வெல்டர் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு தடவ கூப்பிடு," என்றேன். கூப்பிட்டாள், திரும்பியது. "நீங்க கூப்பிடுங்க," என்றாள் அவரிடம். அவர் கூப்பிட்டார், திரும்பியது. நான் கூப்பிட்டேன், திரும்பிச் சிரித்தது. எதிர்ப்பக்கமிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து, தையல் மிஷினுக்கு அடியில் குனிந்துகொண்டு, மாறி மாறிக் கூப்பிட்டோம். பைத்தியக்காரக் கூட்டம் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. டாக்டரும் ஒரு தடவ பாத்துச் சொல்லட்டும்," என்றாள் அவள். எத்தனையோ நாளாக அவர் கெஞ்சிக் கேட்டது இப்போது அவள் வாயிலிருந்தே வந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கே அலுத்துப்போயிற்று. வெல்டர் விடவில்லை. "சிட்டு," என்றார் மறுபடி. அது நூலின் நுனியைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது, திரும்பவில்லை. "சிட்டு! ஏய் சிட்டு!" அசையவில்லை. நூலை இழுத்து இழுத்துப் பாயெல்லாம் சிக்கலாக்கிக்கொண்டிருந்தது.

"பாருங்களேன், கேட்டும் கேக்காத மாதிரி இருக்கா. அப்படியே உங்கள மாதிரி," என்றாள் தையல்காரி. சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.